ரெண்டு நடனம், ஒரு கையுறை: ரீஜென்சி காதல் கதையில் கெமிஸ்ட்ரி கொண்டுவருவது எப்படி

ரீஜென்சி காதல் கதை, அதாவது 1811 முதல் 1820 வரையான இங்கிலாந்தில் நடக்கிற காதல் கதை, எழுதிப் பார்க்கிற ஆசை இங்கே மொரிஷியஸில் நம் தமிழ் ஆட்கள் பலருக்கும் வந்திருக்கிறது. சிலர் சீரியல் பார்த்துவிட்டு வந்தவர்கள், சிலர் ஆங்கிலத்திலோ ஃபிரெஞ்சிலோ படித்துத் தள்ளிவிட்டு வந்தவர்கள். எழுதியதை வாங்கிப் படித்தால் முக்கால்வாசிப் பேருக்கு ஒரே நோய். நாயகன் டியூக், ஆறடி உயரம், நீலக்கண். நாயகி அழகி, வாயாடி. முதல் அத்தியாயத்தில் மோதல், மூன்றாவதில் மழை, ஐந்தாவதில் முத்தம். எல்லாம் இருக்கிறது, ஆனால் படிக்கிறவருக்கு ஒன்றும் ஆகவில்லை. படம் பார்த்துவிட்டு வெளியே வரும்போது சொல்வோமே, ஜோடி நல்லாத்தான் இருக்கு, கெமிஸ்ட்ரிதான் ஒர்க் அவுட் ஆகலை என்று, அதே கதைதான்.

என்ன குறைகிறது என்று பார்த்தால், அந்த இரண்டு பேரைச் சுற்றி ஊர் இல்லை. இரண்டு பேரும் ஏதோ ஆளில்லாத தீவில் நிற்கிற மாதிரி கண்ணோடு கண் நோக்கிக்கொண்டே இருக்கிறார்கள். ரீஜென்சிக் காதலில் சூடு அப்படி வராது. ஊரே அவர்களைப் பார்க்கிறது, ஆனால் ஊர் பார்க்காத ஒன்றை அவர்கள் இரண்டு பேர் மட்டும் ஒருவரிடம் ஒருவர் பார்க்கிறார்கள், அதை வெளியே சொல்லவும் முடியவில்லை. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் பற்றும். இதில் நமக்கு ஒரு வசதி உண்டு. ரோஸ் ஹில் பஸ் நிலையத்தில் ஒரு பையனோடு நின்று இரண்டு வார்த்தை பேசினால், நாம் காத்ர் போர்ன் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் சேதி போய்ச் சேர்ந்திருக்கும். ஊர்க்கண் என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். சங்க அகப்பாடலில் அலர், அதாவது ஊர்ப்பேச்சு, என்று வருவதும் இதுதான், அதனால் தமிழ் வாசகருக்கும் இது அந்நியச் சரக்கு இல்லை.

காலத்தை முதலில் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் ஜார்ஜ் மன்னர் நோயில் விழுந்து, அவர் மகன் ரீஜென்ட், அதாவது மன்னருக்குப் பதிலாக ஆள்கிறவர், ஆனது 1811 பிப்ரவரியில். மன்னர் இறந்தது 1820 ஜனவரியில். கறாராகச் சொன்னால் அந்த ஒன்பது ஆண்டுதான் ரீஜென்சி, கதை எழுதுகிறவர்கள் முன்னும் பின்னும் கொஞ்சம் இழுத்துக்கொள்வது வழக்கம். நாடாளுமன்றம் கூடும் மாதங்களில் பணக்காரக் குடும்பங்கள் லண்டனுக்கு வந்து, பெண்களை விருந்துக்கும் நடனத்துக்கும் கூட்டிப்போகும். அதுதான் சீசன், அதாவது வெளிப்படையான கல்யாணச் சந்தை. அதில் உச்சம் அல்மாக்ஸ் என்ற நடன மன்றம். புதன்கிழமை இரவு, சில சீமாட்டிகள் பார்த்துக் கொடுக்கிற அனுமதிச் சீட்டு இருந்தால்தான் உள்ளே போகலாம், பணம் மட்டும் இருந்தால் போதாது. சாப்பாடோ மெல்லிசாக வெட்டிய ரொட்டியில் வெண்ணெய், காய்ந்த கேக், எலுமிச்சைச் சாறு, தேநீர். நம் ஏழு கறிப் பந்தியை நினைத்துக்கொண்டு போகிறவர் நொந்துபோவார். அங்கே போனது சாப்பிட இல்லை, பார்க்கவும் பார்க்கப்படவும்தான்.

காதலுக்கு முன்னால் கணக்கு

இரண்டு பேரையும் சந்திக்க வைப்பதற்கு முன்னால், இரண்டு பேருக்கும் இந்தக் கல்யாணம் ஏன் ஆபத்து என்று ஒரு தாளில் எழுதிவிடுங்கள். நாயகி தயங்குவதை வெட்கம், நாணம் என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் பெரிய வாய்ப்பை விடுகிறார்கள். 1753 சட்டப்படி 21 வயதுக்குக் கீழே இருந்தால் தகப்பனோ காப்பாளரோ சம்மதிக்காமல் உரிமம் வாங்கிக் கல்யாணம் செய்ய முடியாது. கல்யாணம் ஆனால் அவள் கையில் இருக்கிற பணம், தனியாக ஒப்பந்தம் போட்டுக் கட்டிவைக்காவிட்டால், புருஷன் கைக்குப் போய்விடும். பிடிக்கவில்லை என்றால் முழு விவாகரத்துக்கு நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே போட வேண்டும், அதுவும் பெண்ணுக்குக் கிடைப்பது கிட்டத்தட்ட கனவு. ஆணுக்கும் வேறு கண்ணி உண்டு. நிச்சயம் செய்துவிட்டுப் பின்வாங்கினால் வாக்கு மீறிய வழக்கு போடலாம், மானமும் போய்விடும். ஆக ஒரு பெண் சரி என்று சொல்வது திரும்ப முடியாத கதவு. அந்தக் கனம் உங்கள் கதையில் இருந்தால், அவள் ஒரு நிமிஷம் பேசாமல் இருப்பதே ஒரு காட்சியாகிவிடும்.

ஒரு ஜோடியை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம், கடைசி வரை இவர்களை வைத்தே பேசுகிறேன். ஹாரியட், வயது 20, தகப்பன் இல்லை, சித்தப்பாதான் காப்பாளர். பெயரில் 10,000 பவுண்ட், அந்தக் கால நேவி 5 சதவீத அரசுப் பத்திரத்தில் போட்டால் ஆண்டுக்கு 500 பவுண்ட் வரும். கேப்டன் ரோலண்ட், கடற்படை, மூத்த மகன் இல்லை, அதனால் நிலபுலன் ஒன்றும் வராது. 1815இல் நெப்போலியன் போர் முடிந்ததும் கப்பல் இல்லாமல் அரைச் சம்பளத்தில் கரையில் உட்கார்ந்திருக்கிறவர். 1810 ஆகஸ்டில் நம் கிராண்ட் போர்ட் சண்டையில் பீரங்கிச் சத்தத்தில் இடது காது செத்துவிட்டது. அவர் கப்பல்படை அன்று தோற்றது. இரு தரப்புத் தளபதிகளும் காயத்தோடு ஒரே வீட்டில் சிகிச்சை பெற்றார்களே, இன்றைக்கு மஹேபூரில் தேசிய வரலாற்று அருங்காட்சியகமாக இருக்கிற வீடு, அந்த வீட்டை நம் ஆளும் பார்த்திருப்பார் என்று வைத்துக்கொள்ளலாம்.

அவருக்கு அவளைப் பிடிக்கிறது. பிடித்ததால்தான் கிட்டே வர முடியவில்லை, ஏனென்றால் பணத்துக்கு அலைகிறவன் என்று அறையே நினைக்கும். அவளுக்கும் அதே சந்தேகம் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். காது கேட்காததை அவர் யாரிடமும் சொல்வதில்லை, சொன்னால் அடுத்த கப்பல் கிடைக்காது. அதனால் இடது பக்கம் நின்று பேசுகிறவர்களுக்குப் பதில் வராது, ஊர் அவரைத் திமிர் பிடித்தவர் என்று முடிவு கட்டிவிட்டது. இப்போது உங்களிடம் ஊர் பார்க்கிற ஒரு ஆளும், ஊர் பார்க்காத ஒரு ஆளும் ஒரே கோட்டுக்குள் இருக்கிறார்கள். பாதி வேலை முடிந்தது.

நடனக் காட்சி

இங்கே நின்று நிதானமாக வேலை செய்யுங்கள், ரீஜென்சி கதையில் இதைவிட நல்ல இடம் கிடைக்காது. அன்றைக்கு நடனம் என்றால் பெரும்பாலும் கன்ட்ரி டான்ஸ். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் எதிர் வரிசை. ஜோடி கை கோக்கும், பிரியும், ஒருவர் தோளை ஒருவர் கடந்து இடம் மாறும், மெல்ல மெல்ல வரிசையில் கீழே இறங்கும். கடைசிக்கோ தலைப்புக்கோ வந்தால் ஒரு சுற்றுக்குச் சும்மா நிற்க வேண்டும். இரண்டு நடனம் சேர்ந்த ஒரு தொகுதி சுமார் அரை மணி நேரம் ஓடும். கல்யாணம் ஆகாத ஒரு ஆணும் பெண்ணும், யாரும் தப்புச் சொல்ல முடியாதபடி, அரை மணி நேரம் பேச முடிகிற அபூர்வமான இடம் அது. ஒரே ஆளோடு ஒரு இரவில் இரண்டு தொகுதிக்கு மேல் ஆடினால் நிச்சயமே ஆகிவிட்டதாக ஊர் பேசும்.

பேச்சு நடனத்தால் வெட்டுப்படும் என்பதுதான் உங்களுக்கான பரிசு. ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் கை விட்டுப்போகும். பதில் வரும்போது கேட்டவள் வேறொருவன் கையைப் பிடித்துச் சுற்றிக்கொண்டிருப்பாள். நிறையப் பேர் இதைக் கவனிக்காமல், நடனக் காட்சியிலும் சோபாவில் உட்கார்ந்து பேசுவது போல முழு வசனம் எழுதுகிறார்கள். அப்படி எழுதினால் நடனம் எதற்கு? நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“லண்டன் உங்களுக்குப் பழகிவிட்டதா, கேப்டன்?” என்று இடது தோளைக் கடக்கும்போது ஹாரியட் கேட்டாள். அவர் நேரே பார்த்தபடி போனார். சரிதான், சொன்னது உண்மைதான் போல, திமிர். எதிர் வரிசையில் திரும்பி நின்றபோது அவள் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, சித்தி பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த சுற்றில் வலது தோள். பேச வேண்டுமே என்று, “மழை விடாது போலிருக்கிறது” என்றாள். “ஜூனில் இப்படி ஒரு மழையை நான் கடலில்கூடப் பார்த்ததில்லை” என்றார் உடனே, அவ்வளவு ஆர்வமாக, மழையைப் பற்றி யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர் போல. மறுபடி இடது. அவள் வேண்டுமென்றே மெல்லிய குரலில், “உங்கள் கழுத்துத் துணி அவிழ்ந்திருக்கிறது” என்றாள். அவிழ்ந்திருக்கவில்லை. அவர் கை மேலே போகவும் இல்லை. வரிசையின் கோடிக்கு வந்து ஒரு சுற்று நிற்க வேண்டி வந்தபோது, அவள் பாவாடையைச் சரி செய்கிற சாக்கில் அவருக்குப் பின்னால் சுற்றி வந்து வலது பக்கம் நின்றாள். “இப்போது கேட்கிறேன். லண்டன் பழகிவிட்டதா?” கேப்டன் அவளைப் பார்த்தார். அவள் எங்கே நிற்கிறாள் என்று பார்த்தார். மறுபடி ஆட்டத்தில் சேரும்போது ஓர் அடி பிசகியது. சுவரோரம் உட்கார்ந்திருந்த சித்தி பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள், “குடித்திருக்கிறான்.”

இதில் யாரும் யாரையும் வர்ணிக்கவில்லை, காதல் என்ற பேச்சே இல்லை. கையுறை போட்ட கை தொடுவதைத் தவிர தொடுதலும் இல்லை. ஆனால் அவள் அவருடைய ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டாள், அதைப் போட்டு உடைக்காமல் இடம் மாறி நின்றாள், கண்டுபிடித்துவிட்டாள் என்பது அவருக்கும் தெரிந்துவிட்டது. சித்தி பார்த்தது வெறும் பிசகின அடியை. சந்திக்கிற ஒவ்வொரு காட்சியிலும் இந்த மாதிரி ஒன்று நடக்கட்டும்: ஒருவர் மற்றவரிடம் ஊருக்குத் தெரியாத ஒன்றைக் கவனிக்க வேண்டும், கவனித்ததால் ஏதாவது ஒரு சின்னக் காரியம் செய்ய வேண்டும். மனதுக்குள் நினைத்தால் மட்டும் போதாது, நாற்காலி நகர வேண்டும்.

தொடுதலை எண்ணிச் செலவு செய்யுங்கள். நடனத்தில் இருவருக்கும் கையுறை உண்டு, பெண்ணுக்கு முழங்கைக்கு மேல் வரை. சாப்பிட உட்காரும்போது கழற்றுவார்கள். ஆக ஹாரியட்டின் வெறும் விரலை கேப்டன் முதன்முதலில் பார்ப்பது இரவுச் சாப்பாட்டு மேசையில், எதிரே ஒரு தட்டு குளிர்ந்த கோழி. அந்த விரலில் மைக்கறை இருக்கட்டும், அப்போது அவள் எழுதுகிறவள் என்று தெரியும், யாருக்கு எழுதுகிறாள் என்ற கேள்வி அவருக்கு ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும். வண்டியிலிருந்து இறக்கிவிடும் கை, குதிரை ஏற்றும்போது பூட்ஸைத் தாங்கும் உள்ளங்கை, இவையெல்லாம் அனுமதிக்கப்பட்ட தொடுதல்கள். வால்ஸ் வேறு ரகம், இடுப்பில் கை வைத்து ஒருவரை ஒருவர் பார்த்தபடியே சுற்றுவது. 1816 ஜூலையில் ரீஜென்ட் கொடுத்த நடன விருந்தில் அது ஆடப்பட்டபோது பத்திரிகையில் திட்டே விழுந்தது. அதை முதல் அத்தியாயத்தில் செலவழித்துவிட்டால் அப்புறம் கையில் என்ன மிச்சம்?

கடிதம்

நிச்சயம் ஆகாத ஆணும் பெண்ணும் கடிதம் எழுதிக்கொள்ளக் கூடாது, எழுதினால் ரகசிய நிச்சயம் என்றுதான் அர்த்தம். தபால் காசை, 1840 வரை, பெரும்பாலும் பெறுகிறவர்தான் கொடுக்க வேண்டும், தூரத்தையும் தாள் எண்ணிக்கையையும் வைத்து. கடிதம் வந்தால் வீட்டில் காசு கொடுக்கிறவருக்குத் தெரியாமல் போகாது. புதிதாக எழுதுகிறவர்கள் இதைத் தடை என்று நினைத்து, வேலைக்காரியிடம் சீட்டுக் கொடுத்தனுப்பித் தப்பிக்கப் பார்க்கிறார்கள். தப்பிக்காதீர்கள், உள்ளே போய் உட்காருங்கள்.

அகப்பாடலில் சிறைப்புறம் என்று ஒரு துறை உண்டு. தலைவன் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறான் என்று தெரிந்துகொண்டே தோழி தலைவியிடம் பேசுவாள், சொல்வது ஒருத்தியிடம், சேர வேண்டியது இன்னொருவனிடம். அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ஹாரியட்டின் சித்தப்பாவுக்குக் கண் மங்கல், வருகிற கடிதத்தையெல்லாம் அவள்தான் வாசித்துக் காட்டுவாள். இது கேப்டனுக்குத் தெரியும். அவர் சித்தப்பாவுக்கு எழுதுகிறார், வடிகால், குதிரை, கோதுமை விலை என்று ஒரு பக்கம். கடைசியில் ஒரு வரி: போன விருந்தில் என்னை எல்லோருக்கும் இடது கோடியில், வலக்காது அறையைப் பார்க்க உட்கார வைத்தவருக்கு என் நன்றியைச் சொல்லவும். சித்தப்பா, “யார் இடம் போட்டது, நான்தானே” என்று மீசையைத் தடவிக்கொள்கிறார். ஹாரியட் அடுத்த கடிதத்தைப் பிரிக்கிறாள், குரல் மாறவில்லை, ஆனால் அதே வரியை இரண்டு தடவை வாசித்துவிட்டாள். சித்தி தையலிலிருந்து நிமிர்ந்து பார்க்கிறாள். நாயகனும் நாயகியும் ஒரே அறையில்கூட இல்லை, ஆனாலும் காட்சி நிற்கிறது.

சண்டை

நம் தொடர்கதைகளில் மோதல் என்றால் இடித்துக்கொள்வது, காப்பி கொட்டுவது, “ஏய், கண்ணு தெரியல?” அதில் சண்டை போட ஒன்றுமே இல்லை, அதனால் சமாதானத்திலும் ஒன்றும் இல்லை. சண்டை ஏதாவது ஒரு விஷயத்தைப் பற்றி இருக்கட்டும், இரண்டு பேர் பக்கமும் கொஞ்சம் நியாயமும் கொஞ்சம் அழுக்கும் இருக்கட்டும்.

சர்க்கரையை எடுத்துக்கொள்ளுங்கள். கரும்புத் தீவில் இருந்துகொண்டு அதைத் தொடாமல் எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் கோபமே வரும். பிரிட்டிஷ் அடிமை வியாபாரத்தை 1807இல் சட்டம் தடை செய்தது, அடிமை முறையைத் தொடவில்லை. அது நம் தீவில் முடிந்தது 1835 பிப்ரவரி 1ஆம் தேதி. ரீஜென்சி காலம் முழுக்க லண்டன் மேசையில் இருந்த சர்க்கரை பெரும்பாலும் அடிமைகள் விளைவித்தது. 1790களிலேயே அதை வேண்டாம் என்று ஒதுக்கிய குடும்பங்கள் இங்கிலாந்தில் இருந்தன, அதில் பெண்கள்தான் முன்னால் நின்றார்கள். கேப்டன் தேநீரில் சர்க்கரை வேண்டாம் என்கிறார். ஹாரியட்டின் 10,000 பவுண்ட் தகப்பனின் ஜமைக்காத் தோட்டத்திலிருந்து வந்தது என்று அறைக்கே தெரியும். அவர் நினைத்துச் செய்தாரோ இல்லையோ, அவளுக்கு அது அறை விழுந்த மாதிரி. அவளும் விடுகிறவள் இல்லை. “பிடித்த கப்பலுக்கு உங்களுக்குப் பரிசுப் பணம் வந்ததே, அந்தக் கப்பலில் என்ன சரக்கு இருந்தது, கேப்டன்?” அவருக்கு வாய் அடைத்துப்போகிறது, ஏனென்றால் சர்க்கரைதான் இருந்தது.

இப்படி ஒரு சண்டைக்குப் பிறகு இருவரும் பழைய ஆளாக இருக்க முடியாது. அவள் சித்தப்பாவிடம் கணக்குப் புத்தகத்தைக் கேட்பாள். அவர் தன் யோக்கியதையை நினைத்து வெட்கப்படுவார். கெமிஸ்ட்ரிக்கு ஒருவர் மற்றவரை வர்ணிப்பதைவிட இது நூறு மடங்கு உதவும், அந்த ஆள் சொன்ன ஒரு வாக்கியம் தனியாக இருக்கும்போதும் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறதே, அதுதான் ஈர்ப்பு.

பேச்சில் மரியாதையைக் கடைசி வரை காப்பாற்றுங்கள். மிஸ், கேப்டன், நீங்கள். எந்த அத்தியாயத்தில் அவர் வாய் தவறி ஹாரியட் என்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்று முன்கூட்டியே முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள், ஒரே ஒரு தடவை, ஆபத்தான நேரத்தில். எட்டாம் பக்கத்திலேயே நீ, வா, போ என்று இறங்கிவிட்டால் அந்த அத்தியாயம் உங்களிடம் இருக்காது.

முரட்டு நாயகன் பற்றி ஒரு வார்த்தை. ஆன்ட்டி ஹீரோ என்று சொல்லிக் கையை முறுக்குவது, கட்டாய முத்தம், அறை, அப்புறம் அவளே உருகுவது. இது கெமிஸ்ட்ரி இல்லை, பயம். ஊர்க்கண் இருக்கிற உலகத்தில் ஒரு பெண்ணின் பெயர் கெட்டால் அவள் தங்கைகளுக்கும் வரன் வராது, அது தெரிந்தும் இருட்டுத் தோட்டத்துக்கு இழுத்துப் போகிறவனுக்கு அவள்மேல் அக்கறை இல்லை என்றுதான் கொள்ள வேண்டும். உங்கள் நாயகன் பெண்பித்தன் என்றே பெயர் எடுத்தவனாக இருக்கட்டும், பரவாயில்லை. கதவு திறந்திருக்கிறதா என்று அவன் பார்க்கிறானா, அதை எழுதுங்கள்.

இரண்டு பேரையும் பக்கத்தில் கொண்டுவர விபத்து எல்லாம் வேண்டாம், காலமே உதவும். 1815இல் தம்போரா எரிமலை வெடித்ததால் 1816இல் ஐரோப்பாவுக்குக் கோடையே வரவில்லை, குளிரும் மழையுமாக ஊற்றியது. நாட்டுப்புற மாளிகையில் விருந்தாளிகளை நான்கு நாள் அடைத்து வைக்க அதைவிட நல்ல சாக்கு வேண்டுமா? கிராமத்தில் நடன இரவை நிலாக் காலத்தில் வைப்பார்கள், வண்டிக்கு வழி தெரிய வேண்டுமே. மேகம் மூடினால் யாராவது தங்கித்தான் ஆக வேண்டும். காலை விஜயம் என்று பெயர், நடந்தது மதியம், கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்ப வேண்டும், கடிகாரத்தைக் காட்சியில் வையுங்கள். அகப்பாடலில் காதலர் பகலில் ரகசியமாகச் சந்திக்கிற நம் பகற்குறிக்கு இத்தனை கெடுபிடி இல்லை.

ஸ்காட்லாந்து எல்லையில் இருக்கிற கிரெட்னா கிரீனுக்கு ஓடிப்போவது நம்முடைய உடன்போக்குதான், இங்கிலாந்துச் சட்டம் அங்கே செல்லாது. ஆனால் லண்டனிலிருந்து 300 மைலுக்கு மேல், குதிரை மாற்றி மாற்றி இரண்டு மூன்று நாள். எழுதுகிறவர்கள் அந்த வண்டிக்குள் ரோஜா வாசனையைப் போடுகிறார்கள். குலுங்கிக் குலுங்கி இடுப்பு வலிக்கும், பசிக்கும், சுங்கச்சாவடிக்குச் சில்லறை போதாது. அதை எழுதினால் அவர் எப்படிப்பட்ட ஆள் என்று அவளுக்கும் நமக்கும் தெரியும்.

கதையை நம் தீவிலேயே வைக்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: தாராளமாக, காலம் அச்சாகப் பொருந்துகிறது. 1810 டிசம்பரில் பிரிட்டிஷார் தீவைப் பிடித்தார்கள், ஆனால் ஃபிரெஞ்சுக் குடும்பங்களின் சொத்து, சட்டம், மொழி, மதம் அப்படியே இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். நேற்றைய எதிரிகள் இன்று ஒரே நடன அறையில். 1812 ஜூனில் ஷாம்ப் த மார்ஸில் குதிரைப் பந்தயம் தொடங்கினார்கள், கர்னல் டிரேப்பர் முன்னின்று, இரண்டு தரப்பையும் ஒன்றாகக் கூட வைக்க. ஆங்கில அதிகாரியும் ஃபிரெஞ்சுத் தோட்டக்காரர் மகளும் சந்திக்க இதைவிடப் பொருத்தமான மைதானம் எங்கே கிடைக்கும்? 1816 செப்டம்பரில் போர்ட் லூயிஸை எரித்த தீயும் இருக்கிறது, ஒரே ராத்திரியில் எல்லாச் சாதி சனத்தையும் தெருவுக்குக் கொண்டுவந்த தீ. இங்கிலாந்துக்குக் கடிதம் போட்டால் பதில் வர அரை ஆண்டுக்கு மேல் ஆகும், அதையும் பயன்படுத்துங்கள்.

ஜோடியே தமிழர்கள் என்றால் இன்னும் நல்லது, ஆனால் ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர்கள் வந்தது 1834க்குப் பிறகு. ரீஜென்சி காலத்தில் போர்ட் லூயிஸில் இருந்த தமிழர்கள், லாபூர்தொனே ஆளுநராக இருந்த 1730களிலிருந்து புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வந்த கைவினைஞர்கள், வியாபாரிகள், அவர்கள் வாரிசுகள். நகரத்தின் கிழக்குப் பக்கம் மலபார் முகாம் என்று அவர்கள் குடியிருப்பு. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட இந்தியர்களும் இருந்தார்கள், அவர்களை மறைத்துவிட்டுக் கதை சொல்ல முடியாது. இந்த ஜோடிக்கு அல்மாக்ஸ் வேண்டாம், கண்காணிக்கச் சித்தியும் அத்தையும் போதும். அத்தைமார் எந்தச் சீமாட்டிக்கும் இளைத்தவர்கள் இல்லை.

எழுதி முடித்தபின் ஒரு சோதனை செய்யுங்கள். இரண்டு பேரும் இருக்கிற ஒரு காட்சியை எடுத்து, நாயகன் இருக்கிற இடத்தில் இன்னொரு நல்ல பையனைத் தூக்கிப் போட்டுப் படித்துப் பாருங்கள். காட்சி அப்படியே ஓடுகிறது என்றால் அது இந்த ஜோடியின் காட்சியே இல்லை, அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். நடனக் காட்சியில் காது நன்றாகக் கேட்கிற ஒருவனைப் போட்டால் எதுவும் நடக்காது, அப்படி இருக்க வேண்டும். அப்புறம் கண், உதடு, தோள் அகலம் பற்றிய வரிகளையெல்லாம் தற்காலிகமாக வெட்டிவிட்டுப் படியுங்கள். தேவைப்படுகிற இடத்தில் மட்டும் திரும்ப ஒட்டுங்கள், பாதிகூடத் திரும்ப வராது.

கடைசியாகக் கல்யாணம் கேட்கிற காட்சி. மண்டியிட்டு ஒரு பக்க வசனம் வேண்டாம். இந்த இரண்டு பேருக்குள் பணம்தான் முள்ளாக இருந்தது என்றால் பணத்தைப் பேசித்தான் முடிக்க வேண்டும். கேப்டன் முதலில் நீட்டுவது மோதிரத்தை இல்லை, வக்கீல் எழுதிய ஒப்பந்த நகலை: அவள் பணம் அறங்காவலர்கள் பெயரில், அவர் தொட முடியாதபடி. ஹாரியட் அதை முழுக்க உட்கார்ந்து படிக்கட்டும், இரண்டாம் பக்கத்தில் ஒரு வரியை அடித்துத் திருத்தட்டும், ஜமைக்கா வருமானத்தை என்ன செய்யப்போகிறாள் என்று ஓரத்தில் எழுதட்டும். அவர் அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துக்குப் பேனா கேட்கட்டும். முத்தம் அதற்குப் பிறகு வரலாம், வாசகர் உங்களை மன்னிப்பார். கல்யாண விருந்தை ஒரு பத்தியில் முடித்துவிடுங்கள். மூன்று வருஷம் கழித்து இரட்டைக் குழந்தை என்று பின்கதை எழுதுகிற பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள், கேட்கிறவர்களுக்குத் தனிச் சிறுகதையாக எழுதிக் கொடுத்தால் போதும்.